புது டிஸ்க்கும் பதினேழாம் பாடமும்

கம்ப்யூட்டரில் நான் நிபுணன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தது. வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது எங்களை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். மீதி இரண்டரை நாள் அறிவை வைத்துக்கொண்டு, புனேயில் கோர்படியில் நாங்கள் இருந்த கட்டடம் முழுக்க வைத்தியம் பார்த்துவந்தேன். சுற்றுவட்டாரத் தமிழ்ப் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மரியாதை என்று நினைத்து நானும் தலையசைப்பேன்.

அந்தப் பிள்ளைகளெல்லாம் என் மனைவியின் மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் பாய் விரித்து அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். ஊரிலிருந்து வந்த பாடப்புத்தகத்தில் ஏர், களை, நாற்று என்று இருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் அவளே பாடம் எழுத ஆரம்பித்தாள். வடாபாவ் விற்கிறவர், ரயில்வே கேட், பரேடுக்குப் போகும் குதிரைகள் என்று அவர்களுக்குத் தெரிந்ததாகவே எழுதினாள். ஒவ்வொரு பாடத்தையும் காகிதத்தில் எழுதி, வகுப்பில் வாசித்து, கம்ப்யூட்டரில் அடித்துவைத்தபின், அந்தக் காகிதத்தை நன்றாக வாசித்த பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவாள். அது அன்று சாயங்காலமே ராக்கெட்டாகிப் பறந்திருக்கும்.

இரண்டு வருஷத்தில் இருபத்துநாலு பாடம் சேர்ந்தது. தீபாவளிக்குள் அவற்றை ஜெராக்ஸ் எடுத்துப் புத்தகமாகக் கொடுப்பதாகப் பெற்றோர்களிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. அதாவது, நான் கை வைக்கும் வரை.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் கிழவன் இருமுவதுபோல் சத்தம் போட்டது. மிஷினைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தால்தான் திரை வரும். தசராவுக்குப் புனேயில் எல்லோரும் புதுப் பொருள் வாங்குவார்கள். நான் கேம்ப் கடைவீதியில் ஒரு கடைக்குப் போய், பழையதைவிடப் பத்து மடங்கு பெரிய டிஸ்க் ஒன்று வாங்கினேன். மெக்கானிக்கை அனுப்பட்டுமா என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "டீக் ஹை காகா, ஜம்பர் தேக் கே லகானா" என்று, ஜம்பரைப் பார்த்து மாட்டும்படி எச்சரித்து அனுப்பினார்.

ஜம்பர் என்பது டிஸ்க்கின் பின்பக்க ஊசிகளில் மாட்டும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய தொப்பி. இரண்டு டிஸ்க் இருந்தால் எது முதலாளி, எது வேலையாள் என்று அதுதான் சொல்லும். நான் இரண்டையும் முதலாளியாக்கினேன். ஒரே உறையில் இரண்டு கத்தி. மிஷின் இரண்டையுமே மதிக்கவில்லை. அதைக் கழற்றி மாற்றும்போது ஜம்பர் தெறித்து சோபாவுக்கு அடியில் போனது. டார்ச்சோடு நான் தரையில் குப்புறக் கிடக்கையில், ஒன்பது வயது மகள் அடுத்த வீட்டுக்குப் போய் மராத்தியில் "ஆமச்சா கம்ப்யூட்டர் பந்த் பட்லா" என்று, எங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோன செய்தியை வாசித்துவிட்டு வந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டேன். யானைக்கு முதலில் நடக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

அடுத்து, புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றுவதற்கு மிஷினை எழுப்ப ஒரு ஃப்ளாப்பி வேண்டியிருந்தது. மேசை இழுப்பறையில் மஞ்சள் கறை படிந்த ஒன்று கிடந்தது. ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து அழிந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று மனைவியைக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் தேங்காய் துருவிக்கொண்டுதான் இருந்தாள். நிபுணர்கள் கேட்பதில்லை. ஃப்ளாப்பியில் இருந்ததை அழித்துவிட்டு என் வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

புது டிஸ்க் எழுந்தது! திரை வந்த வேகத்தைப் பார்த்து அவளே வந்து, மானிட்டரில் இருந்த சாமந்திச் சரத்தைச் சரி செய்தாள்.

"ஏங்க, என் பாடமெல்லாம் அப்படியே இருக்கும்லா?"

"எல்லாம் புதுசுக்கு மாத்தியாச்சு. அளவு கூடச் சரிபார்த்துட்டேன்."

பொய்யில்லை. பாடங்கள், போட்டோக்கள், என் வங்கிச் சங்கக் கடிதங்கள் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் கொண்டுவந்து, ஒன்றுவிடாமல் எண்ணினேன். ஒன்றையும் திறக்கவில்லை. பழைய விண்டோஸ் குப்பையை மட்டும் விட்டேன். பிறகு, பாட்டு சேர்த்துவைக்க உதவும் என்று பழைய டிஸ்க்கை அன்றே சுத்தமாக அழித்தேன்.

மறுநாள் அவள் முதல் பாடத்தைத் திறந்தாள். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கட்டெறும்பு மாதிரி ஊர்ந்தன. இருபத்துநாலும் அப்படியே.

"என்ன இது, பொம்மை பொம்மையா வருது?"

அப்போதெல்லாம் தமிழ் எழுத்துரு தனியாக ஏற்றினால்தான் தமிழ் தெரியும். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. அவளுடைய எழுத்துரு, நான் குப்பை என்று விட்ட பழைய விண்டோஸுக்குள் இருந்தது.

"பரவால்ல, அந்த ஃப்ளாப்பி இருக்குல்லா" என்று அவள் இழுப்பறையைத் திறந்தாள். "கோவில் நோட்டீஸ் அடிப்பாரே ஒருத்தர், அவரு குடுத்தது. மஞ்சக் கறை பட்டிருக்கும்."

நான் அழித்தது அந்த எழுத்துருவைத்தான். மிஷினின் வாயில் அந்த ஃப்ளாப்பி இன்னும் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. நோட்டீஸ்காரர் போன வருஷமே மகனோடு வெளிநாடு போய்விட்டார்.

இன்டர்நெட் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஐந்து தமிழ் எழுத்துரு இறக்கி வந்தேன். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தமிழ் எழுத்துகள்தான், தமிழ்தான் இல்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தேன். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் கீபோர்டில் இல்லை, மேசை விளிம்பில் இருந்தன. திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.

"அம்மா" என்றாள்.

வேதனையில் தாயைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "அழாத, நான் எப்படியாவது..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க. இது அம்மா. அடுத்தது அப்பா."

கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் அவள் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். புனேயில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்த எழுத்துரு அதே டைப்ரைட்டர் வரிசையில் செய்தது. ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்தால், அது என்ன தமிழ் எழுத்து என்று விரல் சொல்லியது. கண்ணுக்குத் தெரியாததை அவள் கை படித்தது.

"ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வாங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

அப்படித்தான் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பாடத்தில் வடாபாவ்காரர் மழையில் அடுப்பைக் காப்பாற்றினார். நான் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணாவது வாசிச்சிருக்கியளா?"

இல்லை. இரண்டு வருஷமாக என் வீட்டில், என் கம்ப்யூட்டரில் இருந்த பாடங்கள். எத்தனை கேபி என்று மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எந்தக் கதையிலும் நான் குறுக்கே பேசவில்லை.

பதினேழாம் பாடம் வந்தபோது மகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மனைவி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு விரல்கள் நகர்ந்தன.

"அப்பா மிக்ஸியைக் கழற்றினார். அன்றைக்குச் சட்னி இல்லை."

"திருப்பி மாட்டினாரா?" என்று மகள் கத்தினாள். "மாட்டவில்லை!"

"அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். அன்றைக்குப் பள்ளிக்குத் தாமதம்."

"திருப்பி மாட்டினாரா? மாட்டவில்லை!"

மகள் தமிழில் இவ்வளவு தடங்கலில்லாமல் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காய்கறி வாங்கப் போனபின் என் கூடத்தில் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து கத்திய பாடம் இது. இடித்துக்கொண்டு சிரித்தார்களே, அந்த மரியாதையின் விலாசம் எனக்குக் கிடைத்துவிட்டது. கோபம் வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. எழுதினேன். ரேடியோவையும் எழுதினேன். தையல் மிஷினையும் எழுதினேன்.

அத்தோடு பாடம் முடிந்தது. திரையில் அதற்குக் கீழே வெறும் வெள்ளை. மீதி ஏழு பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பேனாவை மூடப் போனேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள். அவள் விரல்கள் மடியில் இருந்தன. பார்த்தது திரையை அல்ல, என்னை.

"அப்பா கம்ப்யூட்டரைக் கழற்றினார். இருபத்துநாலு பாடத்தையும் தன் கையால் எழுதிக் கொடுத்தார்."

மகள் வழக்கம்போல வாயைத் திறந்தாள். என்ன கத்துவதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.