பெரியப்பா விழாத காட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. பெரியம்மா இருந்தவரை எழுத மனமும் வரவில்லை. போன கார்த்திகையில் அவரும் அண்ணாமலையார் பாதம் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியப்பா மயங்கிவிட்டார் என்கிறார் ஒருவர். டிவி வெடித்தது என்கிறார் இன்னொருவர். டிவி வெடிக்கவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால்தான் சுவாமியை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருவூடல் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் பெரியப்பாவும். பெரியப்பா மாட வீதியில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் ரூம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போன மனிதர். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் சினிமாக்காரர். வாலிபத்தில் நாடகக் கம்பெனியோடு சென்னைக்குப் போய், ஒரே ஒரு படத்தில் நடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

அது கறுப்பு வெள்ளையில் எடுத்த மர்மப் படம். நடுங்காமல் பார்த்தவர்கள் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பங்களாக் காவல்காரர் எங்கள் பெரியப்பா. ஏதோ சத்தம் கேட்டு லாந்தரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். "யாரு அங்க?" என்பார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கத்தி வரும். படியில் உருண்டு விழுந்து, கண் திறந்தபடி கிடப்பார். அவ்வளவுதான் வேஷம். ஆனால் அந்த விழுகிற அழகுக்கு டைரக்டரே எழுந்து கை தட்டினாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்த கையோடு பெரியப்பா பாயை விரித்து விழுந்து காட்டிவிடுவார். நாங்கள் பிள்ளைகளும் விழுந்து பழகுவோம்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர் ஒருவர்தான். பெரியம்மா.

அவர்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. பெரியம்மா அப்போது மாசமாக இருந்தார். தாலி கட்டியவன் கத்திக்குத்துப் பட்டுச் சாவதை வயிற்றில் பிள்ளையோடு போய்ப் பார்ப்பாளா ஒருத்தி? குடும்பமே ஜட்கா வைத்துக்கொண்டு போனது, அவர் வீட்டில் இருந்துகொண்டார். அன்று பிடித்த பிடிவாதம் விடவே இல்லை. பிற்பாடு டிவியில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். போடுகிறார்கள் என்று தெரிந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். படம் முடிகிறவரை உண்ணாமுலை அம்மன் சன்னதியில் நிற்பார். பெரியப்பா வாசலில் நின்று, "அது நடிப்புடி, நான் இங்கதான நிக்கறேன்" என்பார். "நீங்க நில்லுங்க. அதுக்குதான் நான் போறேன்" என்பார் பெரியம்மா. சுவாமிக்கும் அம்மனுக்கும் எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஊடல். இவர்களுக்கு அந்தப் படம் போடுகிற நாளெல்லாம்.

பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்தார்கள். என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதற்கு அவர் மோதிரம் கேட்கவில்லை, கைக்கடிகாரம் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவ அவ அத பாத்துட்டா போதும். ஊர்ல இருக்கறவன்லாம் பாத்துட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

இங்கேதான் எங்கள் மாமா வருகிறார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் முன்கட்டு அறையில்தான் கேசட் ஓட்டுகிற அவருடைய இரண்டு டெக்கும், மிக்ஸிங் பெட்டியும், டிவியும் இருந்தன. மாமா போய்ப் பெரியம்மா எதிரில் உட்கார்ந்தார். பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீ இன்னாத்துக்குப் பயப்படற? அவரு விழறதுக்குத்தான?"

"வாய மூட்றா. அறுபதாவது வருஷத்துல கண்டம்னு ஜோசியர் சொல்லிட்டுப் போயிருக்காரு. இப்பப் போயி அந்தப் பேச்ச எடுக்கறான் பாரு."

"சரி, விழவே இல்லனா பாப்பியா?"

"அது எப்டிடா விழாம இருப்பாரு?"

"அது என் வேல. நீ பதில சொல்லு."

பெரியம்மா கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டார். "விழலன்னா பாக்கறேன்" என்றார்.

மாமா துள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் விழுகிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் போடப் போவதாகப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எதடா எடுக்கப் போற?"

"கத்தி, நீங்க உருள்றது, கண்ணு தொறந்துனு கெடக்கறது. எல்லாத்தையும்தான் மாமா."

"அப்பறம் இன்னாடா மிச்சம்? லாந்தரப் புடிச்சினு படி ஏறுறதா? அத எவன் வேணாலும் ஏறுவான். நான் நடிச்சதே விழுந்ததுதாண்டா மச்சான்."

"விழுந்தத ஊரே பாத்துடுச்சி மாமா. அக்கா உங்களையே பாக்கல."

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவர் நேராக முன்கட்டு அறைக்கு வந்து டெக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்துடு. எடுக்கறத நல்லா எடு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

டிவியில் போட்டபோது பதிவு செய்த கேசட் மாமாவிடம் இருந்தது. அதை ஒரு டெக்கில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் அடுத்த டெக்கில் பதிய வேண்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கத்தி வருகிற இடம் போனது. உருளுவது போனது. ஆனாலும் பார்க்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மாமாவுக்கும் அப்படித்தான். ஏதும் நடக்காவிட்டாலும் நடக்கப் போகிற மாதிரியே இருந்தது. மாமா யோசித்துவிட்டுச் சத்தத்தை முழுசாகக் குறைத்தார். அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை. படியில் பெரியப்பா எங்கேயோ விட்ட செருப்பைத் தேடுகிற மாதிரி இருந்தது. பின்னணியில் வயலின் கீச்சு கீச்சென்று இழுத்ததில்தான் இத்தனை நாள் எமன் உட்கார்ந்திருந்தான் என்று அப்போது கண்டுபிடித்தோம்.

சத்தத்தை எடுத்தால் வசனமும் போய்விடுகிறது. ஆகவே பெரியப்பாவே திரும்பப் பேச வேண்டும் என்றார் மாமா. கொடிக்கயிற்றில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, எதிரில் பெரியப்பாவை நிறுத்தினார்கள். அவர் பழைய நினைவில் அடிவயிற்றிலிருந்து "யாரு அங்க" என்று கேட்டார். தெருநாய் குரைத்தது.

"பயமா கேக்காதீங்க மாமா. லாட்ஜுக்குப் பார்ட்டி வந்தா எப்டிக் கேப்பீங்க, அப்டிக் கேளுங்க."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாருங்க? வாங்க, வாங்க. ரூம் காலி இல்லீங்களே" என்றார்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ரூமை எடுத்துவிட்டு இன்னொரு தரம் பேசவைத்தார்கள். திரையில் முப்பது வயதுக்கு உள்ளே இருக்கிற பெரியப்பா, வாயைத் திறந்தால் அறுபது வயதுக் குரல். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பின்னணிக்கு, கீழ்பென்னாத்தூர்க் கல்யாணம் ஒன்றில் எடுத்த நாதஸ்வரத்தைச் சேர்த்தார். படி ஏறிய காட்சியையே பின்னோக்கி ஓடவிட்டு, ஏறியவரைப் பத்திரமாகக் கீழே இறக்கினார். படத்தில் கோடு கோடாக விழுந்தது. ஆனாலும் இறங்கிவிட்டார். கடைசியில் மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணக் கேசட்டுக்கு முடிவில் போடுகிற மாதிரி, பெரியப்பாவைச் சுற்றி ஒரு இதயத்தை வரவைத்து, மேலிருந்து ரோஜாப் பூக்களைக் கொட்டவைத்தார்.

அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கலச நீர் ஊற்றினார்கள். பெரியப்பா மறுபடியும் தாலி கட்டினார். பந்தி முடிந்து, வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மாமா டிவியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். பெரியம்மாவைப் பாயில் முன்னால் உட்காரவைத்தார்கள். அரக்குப் பட்டு, கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. பெரியப்பா அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. டிவிக்குப் பக்கத்தில் தூணோரம் நின்றுகொண்டார்.

படம் ஓடியது. நாதஸ்வரம் முழங்க, லாந்தரோடு பெரியப்பா படி ஏறினார். "யாருங்க? வாங்க, வாங்க" என்றார். உடனே எங்கிருந்தோ ஒரு குரல், "அந்தாண்ட எலைக்கு அப்பளம் வெக்கலடா" என்றது. கீழ்பென்னாத்தூர்ச் சமையல்காரர். நாதஸ்வரத்தோடு சேர்ந்து வந்துவிட்டார். மாமா அதைக் கவனிக்கவே இல்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. பெரியப்பா பின்பக்கமாகவே படி இறங்கியபோது சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. பூ கொட்டியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மா தாலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடங்கியதும் பெரியம்மா திரும்பினார். "நல்லாதான் இருக்கீங்க. இத்தினி வருஷமா இதுக்கா பயந்தேன்" என்றார்.

காபி கொடுத்த கையோடு விழுந்து காட்டுகிற பெரியப்பா, அன்று தூணை விட்டு ஒரு அடிதான் முன்னால் வந்தார். "இன்னொரு தடவ போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பெரியம்மா தலையாட்டினார். மறுபடியும் போட்டார்கள். அப்பளத்துக்கு மறுபடியும் சிரித்தார்கள்.

குடும்பத்தில் சொல்கிற கதை இங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிளம்புகிறவர்களுக்குப் பலகாரம் கட்டப் பெரியம்மா உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். லட்டை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே, கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டார்.

"ஏன்டி பாப்பா, நீ மாமன் கூடவேதான இருந்த. படி ஏறுறதுக்கு முன்னாடி அந்த நாயத் தடவிக் குடுப்பாரே, அத ஏன் எடுத்துட்டான்?"

அப்படி ஓர் இடம் படத்தில் இருக்கிறது. படிக்கட்டின் அடியில் கிழட்டு நாய் ஒன்று படுத்திருக்கும். காவல்காரர் லாந்தரைத் தாழ்த்தி, குனிந்து, அதன் தலையைத் தடவிவிட்டு மேலே போவார். நாய் கண்கூடத் திறக்காது. பேச்சும் இல்லை, சத்தமும் இல்லை. பெரியப்பா அதை நடிப்பென்றே நினைத்ததில்லை. பாயை விரித்து விழுந்து காட்டும்போதுகூட ஒருநாளும் அதைக் காட்டியதில்லை, சொன்னதுமில்லை. அவருக்கு மறந்தே போயிருக்கும்.

"அங்க செவுத்துல கத்தி நெழலு தெரியுது பெரியம்மா. அதான் மாமா எடுத்துட்டாரு" என்றேன்.

"ம்" என்றார். "அதான் நல்லா இருக்கும்."

பிறகு என் கையில் இரண்டு லட்டு வைத்தார். நான் ஓடிப்போய்விட்டேன். லட்டு கையில் இருக்கிற பிள்ளைக்கு வேறென்ன புரியும்.

பல வருஷம் கழித்து, என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாயிடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. "அப்பறம் இன்னாம்மா?" என்று மகள் கேட்கிறாள். பெரியம்மா அந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறார். எந்தத் தியேட்டரில், எந்த மேட்னி ஷோவில், யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ, அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். கத்தியையும் பார்த்திருக்கிறார், அவர் விழுந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தில்தான் படம் போட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினாரோ என்னவோ. அப்படிப்பட்டவர்தான் அன்றைக்கு, தூணோரம் ஒரு மனிதர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்து, முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பா எண்பதைத் தாண்டி, தூக்கத்திலேயே போனார். கடைசிவரை லாட்ஜுக்கு வருகிறவர்களிடம், "ஒரே தடவதான் பாத்தாங்க எங்க வீட்ல, நல்லா இருக்கீங்கனு சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். சிரிப்பு வரட்டும் என்று எதையும் சேர்க்க வேண்டாம். நீளமாக இருக்கிறது என்று அந்த நாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.