குகைக்குள் காளான் பொறுக்கிய நாட்கள்

கீரிமலைக் கேணிப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு வெடித்து, மாக்கட்டுப் போட்டதில் எனக்கு ஆறு கிழமை லீவு கிடைத்தது. முதல் கிழமை தொலைக்காட்சியோடு போயிற்று. இரண்டாம் கிழமை, தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனபோது எங்கள் உரும்பிராய் வீட்டில் விட்டுச் சென்ற கணினியைத் திறந்தேன். அதற்குள் ஒரு கேம் இருந்தது. கையில் வாளோடு ஒரு பெண் காட்டுப்பாதையில் நின்றாள். அவள்தான் நான் என்பது விளங்கியது. என்ன செய்யவேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. பாதையோரம் ஒரு காளான் முளைத்திருந்தது. கிட்டப் போய்ப் பொத்தானை அமத்தினேன். அது என் பைக்குள் வந்து விழுந்தது.

அதோடு பிடித்துக்கொண்டது. ஊர் எரிகிறது, வந்து காப்பாற்று என்று ஆட்கள் ஓடி வந்து கெஞ்சினார்கள். நான் மரத்தடிகளில் குனிந்துகொண்டு திரிந்தேன். மூன்று நாளில் என்னிடம் நூற்றுக்கு மேற்பட்ட காளான்கள் இருந்தன. ஒரு ஓநாயைக்கூடக் கொல்லவில்லை.

என் கணவர் விவசாயப் போதனாசிரியர். பெண்களுக்குப் பொலித்தீன் பையில் மரத்தூள் அடைத்துக் காளான் வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. எங்கள் வளவிலும் கிடுகுக் கொட்டில் போட்டு வளர்க்கிறார். அன்று பின்னேரம் வேலையால் வந்தவர், தேத்தண்ணிக் கோப்பையோடு என் பின்னால் நின்று பார்த்தார். திரையில் நான் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

“இஞ்சை, உதை ஏன் திண்டனீர்?”

“காயத்துக்கு நல்லதாம்.”

“ஆர் சொன்னது? உதைத் திண்டால் நேரே ஆசுப்பத்திரிதான்.”

“எனக்குக் காயம் மாறிப்போச்சு. பாருங்கோ.”

அவர் பார்த்தார். நம்பவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

அடுத்த நாள் ஒரு மருந்துக்காரி என்னிடம் குகைக்குள் இருந்து ஐந்து நீலக் காளான் கொண்டுவரச் சொன்னாள். குகை முழுக்க ஆட்டுக்குட்டி அளவில் சிலந்திகள். உள்ளே சுவரெல்லாம் காளான்கள் நீலமாய் ஒளிவிட்டன. நான் சிலந்திகளைக் கண்டு பின்வாங்கினேன். அவருக்கோ சிலந்தி கண்ணிலேயே படவில்லை.

“பச்சையா மின்னுற காளான் இருக்கு. நீலத்திலை நான் கேள்விப்படேல்லை,” என்றார். “கொஞ்சம் கிட்டப் போம். குடைக்கு அடியிலை மடிப்பு இருக்கோ எண்டு பாப்பம்.”

“சிலந்தி கடிக்குதப்பா.”

“அது கிடக்கட்டும். நீர் கீழை குனியும்.”

குனிந்தேன். செத்துப்போனேன்.

பிறகு மவுஸை அவரே வாங்கினார். அவரும் செத்தார், நான்கு முறை. ஒவ்வொரு முறையும் காளானை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கடைசியில் ஒரு ஒழுங்குக்கு வந்தோம். சிலந்திகளை நான் வெட்டுவது, காளானைக் கண்டுபிடிப்பது அவர். எனக்கு வெறும் இருட்டாய்த் தெரிந்த மூலைகளில், ஈரம் எங்கே நிற்கும் என்று பார்த்து, அவர் சரியாக விரலை வைத்தார். அங்கே காளான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவருடைய வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கொட்டிலுக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை என்று எனக்கு அப்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

குகையை விட்டு வரும்போது, விழுந்து கிடந்த மரத்தில் தட்டுத்தட்டாய்க் காளான் ஒட்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இதைச் செய்தவன் காட்டுக்குள்ளை போய்ப் பாத்திருக்கிறான். இது சரி.”

கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்தார். அந்தக் கிழமை வகுப்பில் பெண்களுக்குக் காட்டியுமிருக்கிறார். ஒரு பெண், “சேர், இது எந்தக் காட்டிலை எடுத்தது?” என்று கேட்டாளாம். இவருக்குப் பொய் சொல்ல வராது. கேம் என்று ஒப்புக்கொண்டார். வகுப்பே சிரித்திருக்கிறது. உடுப்பிட்டியில் இருந்து வரும் ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல், தன் மகள் அதே கேம் விளையாடுகிறவள் என்றும், சதுப்பு நிலத்துக்கு அப்பால் போனால் இன்னும் பெரிய காளான்கள் இருக்கின்றன என்றும் சொன்னாராம்.

அன்று பின்னேரம் இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

“சதுப்புக்கு அங்காலை காளான் காடே இருக்காம். வெளிக்கிடும்.”

“காலிலை மாக்கட்டோடை எங்கை வெளிக்கிடுறது?”

“கணினியைப் போடும் எண்டு சொல்லுறன்.”

சதுப்பைக் கடக்க இரண்டு பின்னேரம் எடுத்தது. அங்காலே காளான்கள் பனை உயரத்துக்கு நின்றன. குடைகளின் இடையால் வெயில் இறங்கியது. நாங்கள் ஒன்றும் பொறுக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாய்ச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார்.

“உதுகளை வளக்க எவ்வளவு பெரிய பை வேணும்,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.