துரையின் கல்லுக்குத் தண்ணீர்

கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா அவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நெற்றியில் திருநீறு, தலையில் கம்பளித் துண்டு. வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளுக்குள் நுழையும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிடுவார். தண்ணீர் ஊற்றினால்தான் எழுத்துத் தெரியும் என்று வாளியோடு, கல்லெழுத்தைப் பார்க்கப் போயிருந்த என் பின்னால் வந்தார்.

நனைந்த கல்லில், 'லைஸ்' என்று இன்று நாம் எழுதும் 'கிடக்கிறார்' என்ற பொருளுள்ள ஆங்கில வினைச்சொல் 'லையெத்' என்று பழைய வடிவில் எழும்பி வந்தது. ஆங்கில ஆசிரியனான எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. விதவிதமாகப் படம் எடுத்தேன்.

"என்னாங்க சேர் எழுதியிருக்கு?"

"துரை இங்க கிடக்கிறார்னு இருக்கும்மா. அந்தக் காலத்து எழுத்து. இப்ப யாரும் இப்படி எழுதுறதில்ல."

"ஒங்க தாத்தா எங்கங்க கெடக்காரு?"

"டயகம தோட்டத்துல. தேயிலைக்குள்ள எங்கயோ."

"எத்தனாம் நம்பர் மலைங்க? எம் மகள அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. போறப்ப ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வாறேன்."

தாத்தாவைப் புதைத்த தேயிலை மலையின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை.

அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் துரையின் கல்லிலேயே ஊற்றினார். அது வழிந்து என் காலடிக்கு வந்தது. நான் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றிருந்தேன்.