மாடிக்கு வராத மெயில்

அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பேர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திணறுவார். பக்கத்து சீட்டில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். ஆயுசில் பாதி அப்படியே போனதால், வீட்டில் மனைவி குரலை உயர்த்தினாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஓடுகிற வண்டியை நிறுத்தத் தெரிந்த மனுஷனுக்கு வாயைத் திறக்க மட்டும் தெரியாது. அதுதான் வினையாகப் போனது.

மனைவி மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அச்சகத்துக்கு டைப் செய்து கொடுப்பவள். கீழே கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர் ஒரே மகளுடையது. இரண்டிலும் மெயிலைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். "வீட்டுக்கு ஒரே மெயில்ப்பா. மேலயும் பாக்கலாம், கீழயும் பாக்கலாம்" என்றாள். பாவி மகள், அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

பிறகு அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். அன்றைக்கு மனைவி சொன்னாள்: "இனி அவ பேச்ச இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது." மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. எடுக்கவே இல்லை.

இங்கே விடிகிற நேரம் அங்கே வேலை முடிகிற நேரம். ஆபீஸ் மெயிலிலிருந்துதான் எழுதுவாள். முதல் வகுப்புக்குக் கிளம்புமுன் மாஸ்டர் கூடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால் வந்திருக்கும். 'அப்பா, அம்மா, உங்களப் பாக்கணும் போல இருக்கு. வரட்டுமா?' மாஸ்டர் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடியிலிருந்து மனைவி இறங்கி வரக் காத்திருப்பார். அவளும்தான் படித்திருப்பாளே. வாயைத் திறக்கட்டும், உடனே 'வரச் சொல்லுவோம்' என்று சொல்லிவிடலாம்.

அவள் வருவாள். "பால்காரர் இன்னும் வரலையா?" என்பாள். அவ்வளவுதான்.

என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று மாஸ்டர் மனசுக்குள் பொருமுவார். பெற்ற வயிறாச்சே, கொஞ்சமாவது இளகாதா? அவளே கல்லாக இருக்கும்போது நாம் எதற்குக் கிளற வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கடைசியாக வந்த மெயில் இவரை உலுக்கிவிட்டது. 'இந்த மாசத்தோட இந்த வேலைய விடுறேன். வீடும் மாறுறோம், ஊரும் மாறுறோம். பழைய போன் நம்பரும் இல்ல. ஒரு வார்த்தை எழுதுங்க. இல்லன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.' அன்றைக்கும் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அப்படிப் பாக்குறீங்க, முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றாள்.

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மாடி கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஸ்கூல் லீவு நாளாகப் பார்த்து ரிப்பேர்க்காரர் வந்தார். சரிசெய்துவிட்டு, தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். மாடியில் வரவில்லை. கீழே திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டரில் வந்து விழுந்திருக்கிறது என்று மாஸ்டர் படியேறி வந்து சொன்னார்.

"ஓ, இப்படிப் போட்டு வச்சிருக்கீங்களா" என்றார் அவர். "எது முதல்ல திறக்குதோ அது மெயில இழுத்துக்கும்க்கா. இன்னொண்ணுக்கு வரவே வராது. அச்சகத்து மெயில் எப்பவும் பகல்லதானே வரும், கீழ கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும், அதான் உங்களுக்குத் தெரியல. இப்ப ரெண்டுலயும் வர்ற மாதிரி மாத்திட்டேன்."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர், ரிப்பேர்க்காரர் போனதும் மனைவியைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். மகளின் மெயில்களைத் திறந்து காட்டினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள்.

"நான்... அவ ஒரு வரி கூட எழுதலன்னு இருந்தேங்க."

"நீயும் படிச்சிருப்பன்னு நெனச்சேன்."

"படிச்சிருந்தா சும்மா இருந்திருப்பேனா? ஒரு நாளாவது, பாத்தியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மாஸ்டரின் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போன வார்த்தை அதுதான்.

அவள் அழுது முடிக்கக்கூட நிற்கவில்லை. "நான் மேல போய் எழுதுறேன். பதில் வந்தா ரெண்டு பேருக்கும் வரும், நீங்க இங்கயே இருங்க" என்று மூச்சு வாங்க ஏறினாள். ஒரு விரலால் தட்டுகிற மாஸ்டருக்கு மாடியிலிருந்து அவள் தட்டும் வேகம் கேட்டது. மகளை மடியில் போட்டுக்கொண்டு டைப் அடித்த கை அது. 'உடனே வாடி கண்ணு' என்பதற்கு மேல் என்ன எழுதினாளோ, நெடுநேரம் தட்டினாள். பிறகு சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழே ஒரு மெயில் வந்தது. மாஸ்டர் பரபரவென்று திறந்தார். அனுப்பியது திரும்பி வந்திருந்தது. அந்த ஆபீஸில் இப்படி ஒரு முகவரி இப்போது இல்லையாம்.

மேலும் கீழும் ஒன்றாக வந்து சேர்ந்த முதல் மெயில் அது.

மாஸ்டர் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் அவள்.