ஒரே மவுஸிலிருந்து வந்தால் மட்டும்

ஊர்காவற்றுறையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்குக் கணினி விளையாட்டு எழுதுகிறவள் நான். கடைசியாக எழுதியது ஒரு படகு விளையாட்டு. அதில் நங்கூரம் தூக்க, மவுஸின் வலப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே நடுச்சில்லை உருட்ட வேண்டும். பொத்தானை விட்டால் கயிறு ஓடிவிடும்.

எதை எழுதினாலும் முதலில் என் மனுசனிடந்தான் விளையாடக் கொடுப்பேன். அவர் கடற்றொழிலாளி. வலை இழுத்துக் காய்த்த விரல்கள். பொத்தானைப் பிடித்தால் சில்லு நிற்கும், சில்லை உருட்டினால் பொத்தான் விடுபடும். "என்ன விசர் விளையாட்டு இது? நங்கூரம் தூக்க ஒருத்தன் காணுமே? ரெண்டு பேர் வேணும்." என்று பேசினார். பிறகு அலுமாரிக்குள் கிடந்த பழைய மவுஸையும் தேடி எடுத்து அதே கணினியில் செருகினார். "நீர் அதில அமத்திப் பிடியும். நான் இதில சுத்துறன்."

நங்கூரம் எழும்பியது. பொத்தான் அழுந்தியிருக்கிறதா, சில்லு உருள்கிறதா என்று மட்டுந்தான் என் நிரல் பார்த்தது. எந்த மவுஸ், யாருடைய கை என்று கேட்கவில்லை. பிழைதான். திருத்த மனம் வரவில்லை. பின்னேரங்களில் இரண்டு கதிரையை ஒட்டிப் போட்டுக்கொண்டு தூக்குவோம். நான் வேண்டுமென்றே கையை விட்டால், "உம்மை நம்பிக் கடலுக்குப் போக ஏலாது" என்று சிரிப்பார்.

மாசியில் ஒருநாள் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பினால், கொம்பனியில் விளையாட்டைச் சோதிக்கிறவர்களின் குறிப்பு காத்திருந்தது. இரண்டு மவுஸ் செருகினால் இரண்டும் கலக்கிறது. பொத்தானும் சில்லும் ஒரே மவுஸிலிருந்து வந்தால் மட்டும் ஏற்க வேண்டும். நியாயமான கதைதான். யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

திருத்தம் சில வரிகள்தான். ஒவ்வொரு மவுஸுக்கும் கணினி கொடுக்கிற அடையாளத்தை வாங்கி, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அரைமணி நேர வேலை. எனக்குப் பல நாள் பிடித்தது. அழுதழுதுதான் எழுதினேன்.

எழுதினால் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். அதற்கு இரண்டு மவுஸும் தேவை. இடக்கையால் என்னுடையதை அமத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் அவருடைய சில்லை உருட்டினேன். எழும்பு, இந்த ஒருதரம் எழும்பு என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

நங்கூரம் அசையவில்லை. திருத்தம் சரியாக வேலை செய்கிறது என்று எழுதி அனுப்பினேன்.