கூடத்தில் ஒரு சுவீடன் விளக்கு

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் முதல் வீட்டுக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு விளக்குக்கூட இல்லை. அறைக்கு அறை சீலிங்கிலிருந்து வயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ர கடவுளே, முந்தி இருந்தவை லைட்டையுமோ கழட்டிக்கொண்டு போனவை?"

"ஓம். இஞ்ச அப்பிடித்தான். வீடு மாறேக்குள்ள லைட்டும் அவையோட போகும்," என்றார் கணவர்.

அவர் எனக்கு முன்னரே வந்து அகதி விடுதியில் இருந்தவர். நான் வந்த பிறகுதான் இந்த வீடு. கூடத்து வயரில் ஒரு மொட்டை பல்ப்பை மாட்டினார். அதோடு விளக்கு விவகாரம் முடிந்தது. நாட்டில் சண்டை ஓய்ந்ததும் ஊருக்குத் திரும்புவோம் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. சூட்கேசுக்குள் அடங்காத எதையும் வாங்க விடமாட்டார். மேசைகூட யாரோ தெருவில் போட்டதுதான்.

இருட்டோடு தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவார். பகல் முழுக்க என்னோடு கதைக்க ஒரு குருவி இல்லை. குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் எதிர் வீடுகளில் மேசைக்கு மேலே விளக்குகள் எரியத் தொடங்கும். அவற்றின் கீழே ஆட்கள் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். நான் யன்னலில் நின்று பார்ப்பேன். திரும்பினால் அந்தப் பாழாய்ப்போன பல்ப் கண்ணைக் குத்தும். அதன் கீழே, வராத ரெயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருப்பேன்.

"ஒரு லைட் வாங்குவமே?"

"ஊரில கரண்டே இல்லை. உமக்கு வடிவான லைட் கேக்குதோ?"

நானும் ஜாம் போத்தலுக்குள் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலிருந்து வந்தவள்தானே. ஆனால் அந்த விளக்கைச் சுற்றி ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தோம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, பழஞ்சாமான் சந்தையில் அதைக் கண்டேன். பால் வெள்ளையில், கவிழ்த்த தாச்சிச் சட்டி மாதிரி ஒரு கண்ணாடி விளக்கு. என் அரைகுறை டொச்சு மொழிக்காக விற்றவர் மெதுவாகக் கதைத்தார். சுவீடனில், காட்டுக்கு நடுவே ஒரு பட்டறையில் வாயால் ஊதியதாம். வெள்ளைக் கண்ணாடியைத் தெளிந்த கண்ணாடிக்குள் பொதிந்து, ஈர மர அச்சுக்குள் ஊதி, பிறகு அமிலத்தில் தோய்த்து மினுக்கத்தைப் போக்குவார்களாம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்ப் கண்ணில் படக்கூடாது. வடிவத்தை வரைந்தவரும் ஊதியவரும் அடுப்பருகே நின்று, அது சரிவரும்வரை உடைத்து உடைத்துச் செய்தார்களாம். விளிம்பைத் தடவினேன். ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. பாதி வருடம் இருட்டில் கிடக்கிற சனம், கண் கூசாத வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறதே! அந்த ஊதின மனிசனுக்கு என் கூடம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும்போல எனக்குப் பட்டது. வாங்கி வந்து கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும், விற்றவர் சொல்லித் தந்தபடி ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மேசையில் ஏறி நானே கூடத்து வயரில் அதைப் பூட்டினேன். பின்னேரம் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் மெத்தென்று இறங்கிக் கூடத்தை நிறைத்தது. அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

சண்டைக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். "ஊருக்குப் போகேக்குள்ள இதை என்ன செய்யிறது?" என்று கேட்பார். "கழட்டிக்கொண்டு போவம், இஞ்சத்தை ஆக்கள் மாதிரி," என்பேன். இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துச் சோற்றையும் போட்டேன். சோறு ஆறியது. ஆள் வரவில்லை. வழமையான நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

யன்னலால் கீழே எட்டிப் பார்த்தேன். எதிர் நடைபாதையில், அந்தக் குளிருக்குள், எங்கள் யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ! ஏன் அங்க நிக்கிறியள்?"

மேலே வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விளக்கை அண்ணாந்து பார்த்தார். இதோ தொடங்கப்போகிறார் என்று நான் இடுப்பில் கையை வைத்தேன்.

"பல்ப்பைக் காணேல்லை. எங்கட வீடில்லையெண்டு தாண்டிப் போயிட்டன்," என்றார். "பிறகு திரும்பி வந்தன். ஆரோ குடும்பமா இருக்கினம் எண்டு நினைச்சன். வடிவா இருந்தது. அதுதான் கொஞ்ச நேரம் நிண்டு பாத்தனான்."