பெயரில்லாத கப்பலின் உறை

மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் நடந்த தபால்தலைக் கண்காட்சியில் ஒருவரைப் பார்த்தேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. எதைப் பார்த்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிவார். எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எல்லோரும் அவரிடம்தான் பழைய உறைகளைக் காட்டினார்கள்.

அம்மாவின் அப்பா உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரர். திரும்பி வரவில்லை. அவர் அனுப்பிய ஒரே ஒரு தபால் உறைதான் எங்களிடம் இருக்கிறது. அதில் கப்பலின் பெயர் இல்லை.

"பேரில்லாத கப்பலா மதினி? உங்க அப்பா எங்கயோ ஓடிட்டாரு" என்று சித்தப்பா கேலி செய்வார். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அந்த உறையைக் கண்காட்சியில் பூதக்கண்ணாடிக்காரரிடம் நீட்டினேன்.

"நீங்களே பிடிச்சுக்குங்க. நான் தொட்டா மாத்திட்டேன்னு நினைப்பீங்க" என்றார். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் பார்த்தார். "பேர் இல்லாததுதான் சரி. சண்டை நேரத்துல எந்தக் கப்பல்னு வெளிய காட்ட மாட்டாங்க. இது கடற்படையோட தணிக்கை முத்திரை. பேர் போட்டிருந்தாத்தான் சந்தேகப்படணும்."

வாங்க நினைப்பவர் குறைதான் சொல்வார். இவர் ஏன் உயர்த்திப் பேசுகிறார்? உறையைச் சட்டென்று பைக்குள் வைத்தேன். அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

தாராவிக்கு வந்து வீட்டில் சொன்னேன்.

"விலைக்குக் கேட்டானா?" என்றார் சித்தப்பா.

"இல்ல."

"போன் நம்பராவது?"

"ஒண்ணும் கேக்கல சித்தப்பா."

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "மதினி, அதை ஒருதரம் காட்டுங்க" என்றார்.

அம்மா கையில் கொடுக்கவில்லை. தானே பிடித்துக் காட்டினாள்.

ஒன்றுமே கேட்காமல் போன அந்த மனிதருக்கு இதில் என்ன கிடைத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.